‘பூஞ்சை தென்படவில்லை’

திசு ஆய்வறிக்கையில் நான் எழுதும் வரிகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைப்பது இது: ‘சீழுடன் கூடிய கிரானுலோமா அழற்சி. சிறப்புச் சாயங்களில் பூஞ்சை தென்படவில்லை.’ பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய வரிதான். ஆனால் படிக்கும் மருத்துவர் அத்தோடு பூஞ்சையை மனத்திலிருந்து எடுத்துவிட்டு, இன்னொரு ஆன்டிபயாடிக்கோ காசநோய் மருந்தோ எழுதத் தொடங்கினால், நோயாளியின் புண் மாதக் கணக்கில் ஆறாமல் கிடக்கும். அதனால் அந்த வரிக்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ‘திசுவின் அமைப்பு ஆழ்தோல் பூஞ்சைத் தொற்றுக்குப் பொருந்துகிறது. ஃபார்மலினில் போடாத திசுவைக் கல்ச்சருக்கு அனுப்பவும். வீட்டில் பூனை உண்டா என்று கேட்கவும்.’

பூனை என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த ஹவுஸ்மேன்கள் போன் போட்டுக் கேட்பதுண்டு. கோலாலம்பூரில் தோலுக்கு அடியில் வரும் பூஞ்சையைப் பற்றிப் பேச்செடுத்தால் பூனையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. நான் குடியிருக்கும் செந்தூலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே பட்டறைக் காலத்திலிருந்து தமிழர்கள் நெருங்கி வாழ்ந்துவரும் இடம். பட்டறை ஓய்ந்து, பக்கத்திலெல்லாம் அடுக்குமாடி வீடுகள் எழுந்த பிறகும் பூனைகள் இடம் மாறவில்லை. ஒட்டுக்கடைகளுக்குப் பின்னால், மாடிப்படி வளைவுகளில், நிறுத்திவைத்த கார்களுக்கு அடியில் அவை இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. ஆனால் சோறு வைக்கும் கை ஒன்று எப்போதும் உண்டு. சண்டையில் அடிபட்டு வந்ததைப் பிடித்து மஞ்சள் போடும் கையும் அதுதான். கீறல் விழுவதும் அந்தக் கையில்தான்.

அந்தக் கீறல் வழியே வரும் பூஞ்சை நோயின் பெயர் ஸ்போரோட்ரிகோசிஸ். 1898-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்துக்கொண்டிருந்த பெஞ்சமின் ஷென்க் என்ற மாணவர் முதலில் எழுதியது. அவர் பெயரைத்தான் ஸ்போரோத்ரிக்ஸ் ஷென்கீ என்ற பூஞ்சை இன்றும் தாங்கியிருக்கிறது. உலகின் பல பக்கங்களில் இது மண்ணிலிருந்தும் முள்ளிலிருந்தும் மக்கிய மரத்திலிருந்தும் வருவது. 1940-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் முட்டுக்கொடுத்திருந்த மரங்களில் இந்தப் பூஞ்சை வளர்ந்து, கிட்டத்தட்ட 3,000 தொழிலாளர்களைப் பிடித்தது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1998 முதல் பூனைகள் வழியாகப் பரவி ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது. அங்கே பரவியது பிரேசிலியென்சிஸ் என்னும் தனி இனம். மலேசியாவில் பூனைகளிடம் இருப்பது ஷென்கீதான். பூனைகளிலிருந்து எடுத்தவற்றின் மரபணுவை ஒப்பிட்டபோது அவை ஒரே வகையாக இருந்தன. பூனை பூனையைக் கடித்தும் கீறியும் கடத்திக்கொண்டே வந்திருக்கிறது என்பதற்கு இது வலுவான தடயம்.

இங்குள்ள கால்நடை ஆய்வாளர்கள் 1990-லேயே பிரிட்டனின் வெட்டரினரி ரெக்கார்ட் இதழில், பூனைகளின் இந்த நோய் மலேசியாவில் மனிதருக்கும் முக்கியமான தொற்றாகிவருகிறது என்று எழுதிவிட்டார்கள். 2012-இல் வந்த ஒரு கட்டுரை, நம் நாட்டின் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஆறு ஆண்டுகளில் பார்த்த 19 நோயாளிகளைத் தொகுத்தது. அதிலும் பூனை இருந்தது. இவ்வளவு இருந்தும் ஆய்வகத்துக்கு வரும் படிவத்தில் பூனையைக் காண்பது அரிது. ‘கையில் கட்டி, காசநோயா?’ என்று எழுதியிருக்கும். சில படிவங்களில் ‘கட்டி’ மட்டும் இருக்கும்.

திசுவைப் பார்க்கும்போது என்ன தெரியும் என்று சொல்கிறேன். பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய ஸ்லைடை முதலில் மிகக் குறைந்த பெரிதாக்கத்தில்தான் வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பெரிதாக்கினால் அமைப்பு கைவிட்டுப் போகும். நல்ல வெட்டு என்றால் மேல்தோல் தடித்துக் கீழே இறங்கியிருப்பது தெரியும். அதற்கும் கீழே, கொழுப்புக்கு அருகே, வட்டமாக ஒரு செல் கூட்டம்; கிரானுலோமா என்பது இதுதான். நடுவில் சிதைந்த நியூட்ரோஃபில்கள், அதாவது சீழ். அதைச் சுற்றி வெளிறிய, நீண்டு படுத்த எபிதீலியாய்டு செல்கள்; இடையிடையே பல உட்கருக்களை ஓரத்தில் அடுக்கிவைத்த ராட்சத செல்கள். வெளிவட்டத்தில் லிம்ஃபோசைட்டும் பிளாஸ்மா செல்லும் அடர்ந்திருக்கும். காசநோயில் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகிய பாலாடைக்கட்டிபோல் உருவமற்றுக் கிடக்கும். இங்கே நடுவில் சீழ். இந்த ஒரு வேறுபாடு போதும், நான் காசநோய்ச் சாயத்தோடு பூஞ்சைச் சாயத்தையும் சேர்த்துக் கேட்பதற்கு.

பிறகுதான் தேடல். ஸ்போரோத்ரிக்ஸ் மனிதத் திசுவில் மிகக் குறைவாக இருக்கும். எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ளவரின் தோலில், ஒரு முழு வெட்டில் ஒன்றிரண்டு ஈஸ்ட் செல்கள் அகப்பட்டாலே பெரிது. அளவிலும் சின்னது, பெரும்பாலும் சிவப்பணுவைவிடச் சிறியது. உருண்டையாக இருக்கலாம், முட்டை வடிவில் இருக்கலாம்; பாடநூல்கள் சொல்லும் சுருட்டு வடிவ ஈஸ்ட் எப்போதாவது கண்ணில் படும். சில நேரம் ஈஸ்ட்டைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் கதிர்கள் படிந்திருக்கும். 1908-இல் பிரேசிலில் ஸ்ப்ளென்டோர் என்ற ஆய்வாளர் விவரித்த அமைப்பு அது. உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள் பூஞ்சையின்மேல் படிந்து உருவாவது. சீழின் நடுவில்தான் அதைத் தேட வேண்டும். ஒரு வெட்டில் இல்லையென்றால் அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்லி, அடுத்தடுத்த வெட்டுகளிலும் தேட வேண்டும்.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அந்த வேலையைச் செய்யும் ஆய்வகத் தொழில்நுட்பர்களின் கைத்திறனை நோயாளி ஒருநாளும் பார்ப்பதில்லை. பூஞ்சைக்கு நாங்கள் நம்புவது வெள்ளிச் சாயம். கோமோரி உருவாக்கிய முறையை 1955-இல் குரோகாட் பூஞ்சைக்கு ஏற்றபடி மாற்றினார். பூஞ்சைச் சுவரில் உள்ள சர்க்கரைப் பொருள்களைக் குரோமிக் அமிலம் ஆல்டிஹைடாக மாற்றும். அந்த ஆல்டிஹைடு, வெள்ளிக் கரைசலிலிருந்து வெள்ளியை இழுத்துத் தன்மேல் படியவைத்துக் கறுப்பாகும். கேட்க எளிது. செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். கண்ணாடிப் பாத்திரம் அமிலத்தில் கழுவிக் காய்ச்சி வடித்த நீரில் அலசியதாக இருக்க வேண்டும். உலோக இடுக்கி கரைசலுக்குள் போகக் கூடாது. போனால் வெள்ளி கண்ட இடத்தில் படிந்து ஸ்லைடு முழுக்கக் கறுப்புத் தூசி விழும். ஐந்து விழுக்காட்டுக் குரோமிக் அமிலத்தில் ஒரு மணி நேரம். பிறகு 60 டிகிரி சூட்டில் வெள்ளிக் கரைசல். எத்தனை நிமிடம் என்று கடிகாரம் சொல்லாது. திசு மஞ்சள் கலந்த பழுப்புக்கு வரும்போது, ஸ்லைடை வெளியே எடுத்து, வெந்நீரில் அலசி, மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண் பார்த்து, போதாதென்றால் திரும்பவும் உள்ளே விட வேண்டும். கொஞ்சம் முந்தி எடுத்தால் பூஞ்சைச் சுவர் வெளிறி, தப்பிவிடும். கொஞ்சம் பிந்தினால் எலாஸ்டிக் நாரும் நியூட்ரோஃபில் துகள்களும் சிவப்பணுவும்கூடக் கறுத்து, எது பூஞ்சை எது குப்பை என்று பிரிக்க முடியாமல் போகும். எங்கள் ஆய்வகத்தில் இதில் கை தேர்ந்த ஒரு மூத்த தொழில்நுட்பர் இருந்தார். கட்டுப்பாட்டு ஸ்லைடில் பூஞ்சை சரியான அழுத்தத்தில் கறுத்திருக்கிறதா, சுவர் மட்டும் கறுத்து உள்ளே கொஞ்சம் தெளிவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நோயாளியின் ஸ்லைடை என் மேசைக்கு அனுப்புவார். அவர் அனுப்பிய ஸ்லைடில் ஒன்றைக் கறுப்பாகக் கண்டால் அதை நம்பி உட்கார்ந்து யோசிக்கலாம்.

கறுத்ததெல்லாம் பூஞ்சை இல்லை என்பதும் உண்மை. சிதைந்த உட்கருத் துகள் உருண்டையாக இருக்கும், மெலனின் துகளும் கறுக்கும். நான் பார்ப்பது சுவர் இருக்கிறதா, ஒரே அளவில் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக மொட்டுவிடுகிறதா என்பதை. மொட்டோடு ஒன்றைக் கண்டால் போதும். அந்த ஒன்றைத் தேடி எண்ணெய் லென்ஸில் அரை மணி நேரம் போனாலும் அது வீண்போன நேரம் இல்லை.

கட்டிக்குள் ஊசி செலுத்தி உறிஞ்சி எடுக்கும் மாதிரிக்கு இதைவிட வேகம் உண்டு. ஊசிக் கிளினிக்குக்கு வந்த ஒரு அக்காவைச் சொல்கிறேன். செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர், வீட்டிலேயே கேட்டரிங் சமையல் செய்பவர். வலது புறங்கையில் ஆறாத புண் ஒன்று. அங்கிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் வரிசையாக நான்கு முடிச்சுகள். நிணநீர்க் குழாய் போகும் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்திருந்தன. மூன்று விதமான ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்திருந்தார். வலி அதிகம் இல்லை, காய்ச்சல் இல்லை. ‘சமையல் கை டாக்டர், யாராவது பார்த்தா ஆர்டர் போயிடும்’ என்று முழுக்கை சட்டை போட்டு வந்திருந்தார்.

கையைப் பார்த்ததுமே கேட்டேன். “அக்கா, வீட்டுல பூனை இருக்கா?”

“வீட்டுக்குள்ள இல்ல டாக்டர். கீழ கார் நிக்கிற இடத்துல ஒண்ணு வரும். சோறு வைப்பேன்.”

“கீறிச்சா?”

“மூக்குல புண்ணு அதுக்கு. மருந்து போடப் பிடிச்சேன், கீறிடுச்சு. அது ரெண்டு மாசத்துக்கு முன்னால. அந்தக் கீறல் அப்பவே காஞ்சு போச்சே!”

காய்ந்துதான் போகும். பூஞ்சை உள்ளே இறங்கி வெளியே தெரிய, சில நாள் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அதனால்தான் நோயாளிகள் தாமாகப் பூனையைச் சொல்வதில்லை. நாம் கேட்டால்தான் வரும். மீன் தொட்டி இருக்கிறதா என்றும் கேட்டேன். மீன் தொட்டித் தண்ணீரில் வாழும் மைகோபாக்டீரியம் மெரைனமும் கையில் இதே போல வரிசையாக முடிச்சு எழுப்பும். தோட்ட வேலை, முள், விறகு எதுவும் இல்லை என்றார்.

புண்ணின் மேலிருந்து எடுத்தால் மேலே ஒட்டிய பாக்டீரியாதான் வரும். முடிச்சுகளில் உடையாமல், தொட்டால் கொஞ்சம் அழுந்துவதைத் தேர்ந்தெடுத்து, 23 கேஜ் ஊசியைச் செலுத்தினேன். சிரிஞ்சில் மெல்ல இழுவை கொடுத்து, முடிச்சுக்குள் ஊசியை இரண்டு மூன்று திசையில் நகர்த்தி, வெளியே எடுக்கும் முன் இழுவையை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் எடுத்ததெல்லாம் சிரிஞ்சுக்குள் ஏறிப் போய்விடும். வந்தது மஞ்சளும் சிவப்புமாக இரண்டு சொட்டு. முதல் சொட்டை இரண்டு ஸ்லைடுகளில் இழுத்து, ஒன்றைக் காற்றில் காயவைத்து ஜீம்சா வகைச் சாயத்துக்கு, மற்றொன்றை உடனே ஆல்கஹாலில். இரண்டாவது சொட்டும் ஊசியில் மிச்சம் இருந்ததும் கிருமியில்லாத உப்புநீரில், அப்படியே கல்ச்சருக்கு. இந்த மூன்றாவது பங்கைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சில நிமிடத்தில் சாயம் ஏறிய ஸ்லைடில் சீழ், எபிதீலியாய்டு செல் கூட்டங்கள், இரண்டு ராட்சத செல்கள் தெரிந்தன. பூஞ்சை இல்லை. எதிர்பார்த்ததுதான். பூனையைப் பற்றி இன்னும் கேட்டேன். அக்காவின் மகன் அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக ஒப்புக்கொண்டார். துணிப் பையில் போட வேண்டாம், கூண்டில் வைக்க வேண்டும், கையுறை போட வேண்டும், முகத்துக்கு அருகே பிடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். நோயுள்ள பூனை தும்மினால் தெறிக்கும் துளியிலும் பூஞ்சை இருக்கும்.

கால்நடை மருத்துவர் பூனையின் மூக்குப் புண்ணில் கண்ணாடி ஸ்லைடை ஒற்றி எடுத்துச் சாயம் போட்டதை மகன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அந்த ஸ்லைடை நான் மாணவர்களுக்குக் காட்டாத ஆண்டு இல்லை. ஒரு மேக்ரோஃபேஜை எடுத்துக்கொண்டால் அதன் வயிறு முழுக்க ஈஸ்ட். நியூட்ரோஃபிலுக்குள்ளும் ஈஸ்ட். செல் உடைந்து வெளியே கொட்டிய ஈஸ்ட் பரப்பெங்கும். உருண்டை, முட்டை, சுருட்டு வடிவம் மூன்றும் ஒரே பார்வையில். ஊதா நிற உட்பொருள், அதைச் சுற்றித் தெளிந்த மெல்லிய வளையம். மனிதரின் தோலில் பல மணி நேரம் தேடியும் கிடைக்காதது, பூனையின் மூக்கில் ஒரே ஒற்றலில் தேடாமலே கிடைக்கிறது. பூனையின் உடம்பு இந்தப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தத் திணறுகிறது. நம் உடம்பு பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. அடக்குவதால்தான் நம்மிடம் அது கண்ணில் படாமல் ஒளிகிறது. எனவே மனித ஸ்லைடு வெறுமையாக இருக்கும்போது பூனையின் ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் வேலையின் பகுதி என்றே நினைக்கிறேன். மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் வேறு வேறு கட்டடங்களில் இருக்கின்றன. கிருமிக்கு அந்தச் சுவர் கிடையாது.

அக்காவின் கல்ச்சர் ஆறாம் நாள் முளைத்தது. 25 டிகிரியில் வைத்த தட்டில் முதலில் வெள்ளையாக, ஈரமாக, பிறகு ஓரங்கள் கறுத்துச் சுருங்கிய பூசணம். அதே பூஞ்சையை 37 டிகிரியில் வளர்த்தால் ஈஸ்ட்டாக மாறும். உடம்புச் சூட்டில் ஒரு வடிவம், மண்ணின் சூட்டில் ஒரு வடிவம். இட்ராகோனசோல் மாத்திரை மாதக் கணக்கில் சாப்பிட்டார், தழும்போடு ஆறியது. பூனைக்கும் அதே மருந்து. பூனைக்குப் புண் ஆறிய பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் விடாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் குடும்பங்களுக்குச் சிரமமான பகுதி. செலவும் உண்டு. நோய் பூனையிடமிருந்து வந்தது என்று தெரிந்ததும் அதைத் தூரக் கொண்டுபோய் விட்டுவிடுவோர் இருக்கிறார்கள். விட்ட இடத்தில் அது இன்னொரு பூனையோடு சண்டை போடும். தொற்றை அடுத்த தெருவுக்குக் கொடுத்துவிடும் வழி அது. இதை நோயாளியிடம் சொல்வதும் மருத்துவம்தான்.

கல்ச்சர் படிவத்தில் நான் தவறாமல் எழுதும் இன்னொன்று, மெலியோய்டோசிஸ். சீழுடன் கூடிய கிரானுலோமாவை இந்த மண்ணில் அந்தப் பாக்டீரியாவும் உண்டாக்கும். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வேலை பார்த்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும்தான் 1921-இல் அந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்கள். நம் ஊரில் ஆராயப்பட்ட நோயை நம் ஊர்ப் படிவத்தில் எழுதாமல் விடக் கூடாது. நீரிழிவு உள்ளவர், மழை வெள்ளத்தில் நின்றவர் என்றால் கட்டாயம். கல்ச்சர் செய்பவர்களின் பாதுகாப்புக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

சிறிய ஈஸ்ட் கண்ணில் பட்டால் வேறு பெயர்களையும் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. ஹிஸ்டோபிளாஸ்மா குறுகிய கழுத்தோடு மொட்டுவிடும். தலரோமைசஸ் மார்னெஃபி மொட்டே விடாது. நடுவில் குறுக்குச் சுவர் போட்டு இரண்டாகப் பிரியும். எய்ட்ஸ் நோயாளியின் முகத்தில் நடுக்குழியோடு வரும் பருக்களில் அந்தக் குறுக்குச் சுவரைக் கண்டுவிட்டால் உயிரைக் காப்பாற்றும் அவசரம் தொடங்குகிறது. அது தோலில் குத்தி ஏறியதல்ல, இரத்தத்தின் வழியே தோலுக்கு வந்தது.

தோட்டப்புற வாழ்க்கையின் சுவடும் என் மைக்ரோஸ்கோப்புக்கு வருகிறது. பால்மரமும் செம்பனையும் உள்ள தோட்டங்களில் வெறுங்காலோடு உழைத்து, தோட்டம் விற்கப்பட்ட பின் பிள்ளைகளோடு செந்தூலுக்கோ கிள்ளானுக்கோ வந்துவிட்ட பெரியவர்கள். காலில் மருபோல எழுந்து ஆண்டுக்கணக்காக மெல்லப் பரவிய தடிப்பு. ‘மருதான், வயசாச்சு’ என்று விட்டிருப்பார்கள். எப்போதாவது ஒருமுறை அது தோல் புற்றுநோயா என்ற கேள்வியோடு திசு வரும். அங்கேதான் கவனம் தேவை. மேல்தோல் அளவுக்கு மீறித் தடித்துக் கீழே நாக்கு நீட்டியிருக்கும். மேலோட்டமாக எடுத்த திசுவில் அதைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. தடித்த மேல்தோலுக்கு இடையில் குட்டிக் குட்டிச் சீழ்த் திட்டுகள் இருக்கின்றனவா, அவற்றுக்குள் சாயம் எதுவும் போடாமலே பழுப்பாகத் தெரியும் தடித்த சுவருள்ள உருண்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் நோயின் அடையாளம் அது. 1915-இல் மெட்லர் விவரித்ததால் மெட்லர் செல்கள் என்பார்கள். மொட்டு விடுவதில்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் எழுப்பி நான்காகவும் பிரியும். அந்தக் குறுக்கு நெடுக்குச் சுவரைக் கண்டால் வேறு சாயம் தேவையில்லை.

இந்த நோயில் ஓர் எளிய வழியும் உண்டு. உடம்பு அந்தப் பழுப்புச் செல்களை மேல்தோல் வழியே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தடிப்பின்மேல் தெரியும் கறுப்புப் புள்ளிகள் அவைதான், காய்ந்த இரத்தத்தோடு. அந்தப் புள்ளியைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டுப் பார்த்தால் கத்தி வைக்காமலே விடை கிடைக்கும். பல ஆண்டு கவனிக்காமல் விட்டதில் உண்மையான புற்றுநோயும் எழக்கூடும் என்பதால், பூஞ்சையைக் கண்ட மகிழ்ச்சியில் மேல்தோலைப் பார்க்காமல் விடவும் கூடாது.

மதுரைக்கும் இந்தத் துறைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1842-இல் மதுரை மருத்துவமனையில் இருந்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், பாதம் வீங்கிப் பல துளைகள் வழியே சீழும் மணிமணியான துகள்களும் வடியும் நோயைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் அது ‘மதுராக் கால்’ என்று மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது. பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர் 1860-இல் அதற்கு மைசெட்டோமா என்று பெயரிட்டு, பூஞ்சைதான் காரணம் என்று வாதாடினார். மதுரெல்லா, ஆக்டினோமதுரா மதுரே என்று இரண்டு கிருமிகளின் பெயரில் இன்றும் மதுரை இருக்கிறது. ஒன்று பூஞ்சை, மற்றது பாக்டீரியா. இந்த வேறுபாட்டைச் சொல்வதுதான் திசு பார்ப்பவரின் முழுப் பொறுப்பு. பாதத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. துகளை வெட்டிப் பார்த்தால் பூஞ்சை இழை 2 முதல் 6 மைக்ரான் அகலம் இருக்கும். பாக்டீரியா இழை ஒரு மைக்ரானோ அதற்கும் கீழோ. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக்கில் குணமாகும் நல்ல வாய்ப்பு. பூஞ்சை என்றால் நீண்ட மருந்து, அறுவை, சிலருக்குக் காலையே இழக்கும் நிலை. மருத்துவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தச் சில மைக்ரான்கள் தீர்மானிக்கின்றன. சூடானின் கார்ட்டூமில் ஊசி மாதிரியிலேயே துகளைக் கண்டு பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மலேசியாவில் இது அரிது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்து, கட்டுமானத் தளத்திலும் தோட்டத்திலும் இருப்பவர்களின் பாதங்களைப் பார்க்கும் மருத்துவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் மைசெட்டோமாவை 2016-லும், குரோமோபிளாஸ்டோமைகோசிஸையும் மற்ற ஆழ்பூஞ்சை நோய்களையும் 2017-லும் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. காலணி இல்லாமல் உழைப்பவர்களின் நோய்கள் அந்தப் பட்டியலுக்கு வர இவ்வளவு காலம் ஆனது எனக்கு வருத்தமே.

இப்போதெல்லாம் எனக்கு அதிகம் வருவது சிறுநீரக மாற்று செய்தவர்களிடமிருந்தும் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களிடமிருந்தும். விரலிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலிக்காத ஒரு கட்டி. நீர்க்கட்டி என்று நினைத்து முழுசாக வெட்டி எடுப்பார்கள். உள்ளே சீழ், சுற்றிலும் தடித்த நார்ச் சுவர், அந்தச் சுவரோரம் பழுப்பு இழைகளும் மணி கோத்தாற்போன்ற ஈஸ்ட் வடிவங்களும். ஃபீயோஹைஃபோமைகோசிஸ். பழுப்பு வெளிறியிருந்தால் மெலனினைக் கறுப்பாக்கும் ஃபான்டானா சாயம் கைகொடுக்கும். கட்டியை நடுவே வெட்டும்போது சில நேரம் ஒரு மரச்சிம்பு கிடைக்கும். எப்போது குத்தியது என்று நோயாளிக்கே நினைவிருக்காது. அந்தச் சிம்பைத் தூக்கி எறியக் கூடாது. கட்டியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். சிம்பைச் சுற்றித்தான் பூஞ்சை அடர்ந்திருக்கும்.

ஸ்லைடு இங்கே பூஞ்சை உண்டு என்றும், எந்தக் குடும்பம் என்றும் சொல்லும். எந்த இனம், எந்த மருந்து கேட்கும் என்பதைக் கல்ச்சர்தான் சொல்ல வேண்டும். ஃபார்மலினில் போட்ட திசுவில் எதுவும் உயிரோடு இருக்காது. மெழுகுக் கட்டியிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்க்கும் வழி இன்று உண்டு. ஆனால் ஃபார்மலின் மரபணுவையும் துண்டுதுண்டாக்குவதால் பாதி நேரம் விடை வராது. ஆகவே அறுவை அறையில் இருக்கும் மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும் நான் சொல்வது இது. ஆறாத கட்டியை வெட்டுவதாக இருந்தால் முந்தின நாளே எங்களுக்குப் போன் போடுங்கள். ஃபார்மலின் இல்லாத புட்டியில் கிருமியில்லாத உப்புநீர் ஊற்றித் தருகிறோம். அரிசி மணி அளவு துண்டு போதும், ஆனால் சுவர்ப் பகுதியிலிருந்து எடுங்கள். குளிர்பெட்டியில் வைக்காமல் அன்றைக்கே கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை என்றாலும் பரவாயில்லை, யாராவது இருந்து வாங்கிக்கொள்வோம்.